கட்டை விரலும் கைபேசியும்

(பட்டிமன்றத் தலைப்பு: தொழிற்கல்வி மாணவர்களைப் படிப்பில் பிடித்து நிறுத்துவது பட்டறைப் பயிற்சியே! கட்டணமில்லாக் கணினிக் கருவிகளே! 'கணினிக் கருவிகளே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

அறிவும் நகைச்சுவையும் ஒருசேர வாய்த்த நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! எதிரே உட்கார்ந்திருந்தாலும் எதிரியாக உட்காராத எதிரணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே! சட்டையில் கொஞ்சம் கிரீஸோடு வந்து கடைசி மூன்று வரிசையை நிரப்பியிருக்கும் ஐ.டி.ஐ. தம்பிகளே, தங்கைகளே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் ஒரு போடு போட்டார்கள். "ஏகலைவன் குருவுக்குக் கட்டை விரலைக் கொடுத்தான், இந்தக் காலத்துப் பிள்ளை கட்டை விரலைக் கைபேசிக்குக் கொடுத்துட்டான்" என்றார்கள். (சிரிப்பு) நீங்களும் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்லா இருந்துச்சே, தட்டாம இருக்க முடியுமா?

ஆனா அம்மா, ஏகலைவன் வித்தை கத்துக்கிட்டது யார்கிட்ட? துரோணர்கிட்டயா? அவர்தான் 'உனக்குச் சொல்லித் தர முடியாது'ன்னு வாசலோட அனுப்பிட்டாரே! அவன் கற்றது மண்ணால் செய்த துரோணரிடம். குரு எதிரில் இல்லை. குருவின் உருவம் மட்டும்தான் இருந்தது. இன்றைய பாஷையில் சொன்னால், நம்ம நாட்டின் முதல் ஆன்லைன் மாணவனே ஏகலைவன்தான்! (பலத்த கைதட்டல்) நீங்க கொடுத்த உதாரணத்தை நாங்க எடுத்துக்கிட்டோம். திருப்பிக் கேட்காதீங்க.

விளையாட்டு போகட்டும். நடுவர் அவர்களே, யாரைப் பற்றி இங்கே வழக்காடிக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.க்கு வருகிற பையன் யார்? பத்தாம் வகுப்பைத் தட்டுத் தடுமாறித் தாண்டினவன். வெல்டர் பிரிவுக்கு எட்டாவதோடு வருகிறவனும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இருந்த காலம் முழுக்க அவன் காதில் விழுந்த ஒரே ஆசீர்வாதம், "உனக்குப் படிப்பு ஏறாது." அப்பன் சொல்லியிருப்பார், வாத்தியார் சொல்லியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் வாடகைக்கு வந்து சொல்லியிருப்பார்! (சிரிப்பு)

1950-ல் மத்திய அரசு கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்ததில் இருந்து, எத்தனையோ ஃபிட்டர், டர்னர், எலெக்ட்ரீஷியன் இந்த வாசல் வழியாகத்தான் தொழிலுக்கு வந்தார்கள். அவ்வளவு பெரிய வாசல் அது. ஆனால் உள்ளே வந்த பையன் எல்லாரும் மறு வாசல் வழியாக சான்றிதழோடு வெளியே போவதில்லை. சேர்ந்த மூணாம் மாசம் ஒரு பெஞ்சு காலியாகும். "எங்கடா அவன்?"னு கேட்டா, "கேட்டரிங் வேலைக்குப் போறான் சார், அன்னன்னிக்குக் காசு கைக்கு வருது"ன்னு பதில் வரும். இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் தொழிலாளி ஆகியிருப்பான். பொறுக்கவில்லை, கூலியாளாகப் போய்விட்டான். அந்தக் காலிப் பெஞ்சுதான் ஐயா இன்றைய தலைப்பு!

எதிரணி சொல்கிறது: "பட்டறையில் விடுங்கள், அவனே ஒட்டிக்கொள்வான்." நானும் பட்டறைக்காரன்தான். அரத்தைப் பிடித்துத் தள்ளாமல் ஃபிட்டர் ஆக முடியாது என்று எனக்குத் தெரியும். அதை மறுக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்தப் பையன் ஏன் பட்டறையை விட்டு ஓடினான்? இரும்பு பிடிக்கவில்லை என்பதாலா? இல்லை. முதல் பாடம் புரியவில்லை, இரண்டாம் தடவை கேட்க வெட்கம். அதுதான் காரணம்.

ஒரு உதாரணம் சொல்றேன். வெர்னியர் காலிபர். முதல் மாசப் பாடம். மெயின் ஸ்கேலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை, வெர்னியரில் 50 பாகமாகப் பிரித்திருப்பார்கள். அந்த ஒரு பாகத்துக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். அதுதான் மீச்சிற்றளவு. சொல்லும்போது சுலபம். ஆனால் அந்தக் கோடு எத்தனை பெரிசு? தலைமுடி மாதிரி. ஆசிரியர் கையில் ஒரு காலிபர், சுற்றி 24 பேர். முன்னால நிக்கிற நாலு பேருக்குக் கோடு தெரியும். பின்னால நிக்கிறவனுக்கு என்ன தெரியும்? முன்னால நிக்கிறவன் பின்மண்டைதான் தெரியும்! (சிரிப்பு) "புரிஞ்சுதா?"ன்னு ஆசிரியர் கேட்பார். எல்லாரும் கோரஸாக "புரிஞ்சுது சார்!" அங்கேதான் ஐயா முதல் பெஞ்சு காலியாக ஆரம்பிக்கிறது.

இப்போ நாங்கள் சொல்கிற கருவிக்கு வருகிறேன். ஜியோஜீப்ரா என்று ஒரு மென்பொருள். மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் ஆஸ்திரியாவில் மாணவராக இருந்தபோது, 2001-ல் தொடங்கியது. வகுப்பறைக்குக் காசு கிடையாது. அதில் ஒரு வெர்னியரை வரைந்து, சுவர் அகலத்துக்குப் பெரிசாக்கி, இழுத்து இழுத்துக் காட்டலாம். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக நிற்கிறது என்று கடைசி வரிசைப் பையனுக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் அதே படத்தைத் தன் கைபேசியில் அம்பது தடவை இழுத்துப் பார்க்கலாம். அம்பதாவது தடவையும் அது, "எத்தனை தடவைடா சொல்றது?"ன்னு கேட்காது! (கைதட்டல்) மறுநாள் காலையில் அவன் காலிபரைக் கையில் எடுக்கும்போது அது அந்நியப் பொருள் இல்லை. ராத்திரி பழகிய பொருள். திரை அவனைப் பட்டறையிலிருந்து பிரிக்கவில்லை. பட்டறைக்குத் தைரியமாக அனுப்பி வைத்தது.

இரண்டாவது, கண்ணால் பார்க்கவே முடியாத விஷயங்கள். "பட்டறையில் பார்த்துக் கத்துக்கணும்" என்று எதிரணித் தலைவர் மூன்று தடவை சொன்னார். பார்த்து! ஐயா, வெல்டிங் ஆர்க்கை எப்படிப் பார்ப்பீங்க? வெறும் கண்ணால் பார்த்தால் ராத்திரி முழுக்கக் கண்ணில் மணலைக் கொட்டினாற்போல் உறுத்தும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஆசிரியர் தோளுக்குப் பின்னால் நின்று எத்தனை பேர் பார்ப்பது? காமிராவுக்கு முன்னால் அதே கறுப்புக் கண்ணாடியை வைத்து எடுத்த காட்சிகள் யூடியூபில் எத்தனையோ கிடக்கின்றன. உருகிய குழம்பு எப்படி நகர்கிறது, கசடு எப்படிப் பின்னால் ஒதுங்குகிறது, எலெக்ட்ரோடின் கம்பி எவ்வளவு கனமோ ஏறக்குறைய அவ்வளவுதான் ஆர்க்கின் நீளம் என்பது, எல்லாம் நிதானமாகத் தெரியும். சத்தத்தையும் கேட்கலாம். ஆர்க் சரியாக இருந்தால் அப்பளம் பொரிகிற மாதிரி சீரான சத்தம் வரும். தப்பாக இருந்தால் பட்டாசு மாதிரி வெடிக்கும். காதை வைத்தே வெல்டிங் கற்றுக்கொள்ளலாம்!

இன்ஜினை எடுத்துக்குங்க. 3000 சுற்று வேகத்தில் ஓடுகிற நான்கு வீச்சு இன்ஜினில், ஒரு சிலிண்டருக்குள் நொடிக்கு 25 தடவை எரிபொருள் எரிகிறது. எந்தக் கண் பார்க்கும்? வெட்டி வைத்த மாடல் இன்ஜின் இருக்குமே என்பீர்கள். இருக்கும். பாதி இடத்தில் அது கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி ஸ்டோர் கீப்பரிடம் இருக்கும். அவர் லீவில் இருப்பார்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) அசைபடம் லீவு போடாது ஐயா.

மின்சாரம்? அதைப் பார்த்தவர் யாருமே இல்லை, தொட்டவர்தான் உண்டு! (சிரிப்பு) அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'ஃபெட்' என்று ஒரு திட்டம். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வைமன், 2002-ல் தொடங்கி வைத்தது. அதில் பேட்டரி, கம்பி, பல்பு எல்லாம் திரையில் கிடக்கும். நீங்களே இணைக்கலாம். கம்பிக்குள் எலெக்ட்ரான் ஊர்வது தெரியும். தப்பாக இணைத்து ஷார்ட் சர்க்யூட் ஆக்கினால் பேட்டரி தீப்பிடித்து எரியும். திரையில் மட்டும்தான்! ஃபியூஸ் போகாது, விரல் சுடாது, ஆசிரியர் திட்டு விழாது. தப்பு செய்ய அனுமதி உள்ள இடத்தில்தான் நடுவர் அவர்களே, பயந்த பையன் கையை நீட்டுவான்.

இது இன்னும் பெரிய மெஷினுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 மையங்கள் அமைக்கும் திட்டத்தில், 2023-ல் இருந்து புதிய இயந்திரங்கள் வந்திருக்கின்றன. ரொம்ப சந்தோஷம். சி.என்.சி. மெஷினில் புரோகிராம் எழுதுகிறவன் 'ஜி01' என்று போட வேண்டிய இடத்தில் 'ஜி00' என்று போட்டால் என்ன ஆகும்? மெதுவாகச் சீவிக்கொண்டு போக வேண்டிய டூல், முழு வேகத்தில் பாய்ந்து இரும்பில் மோதும். ஒரே ஒரு எழுத்துப் பிழை. செலவு பெரிய தொகை! அதனால் என்ன நடக்கிறது? புது மெஷினைத் தொட விடவே பயம். கேமோட்டிக்ஸ் மாதிரிக் கட்டற்ற மென்பொருளில் முதலில் ஓட்டிப் பார்த்தால், அந்தப் பிழை திரையில் ஒரு தப்பான கோடாகப் போய்விடும். கோட்டை அழிக்கலாம். உடைந்த ஸ்பிண்டிலை அழிக்க முடியுமா?

அடுத்து, எதிரணியின் வலுவான வாதம். அதை நான் தாண்டிப் போக மாட்டேன். "கைபேசியைக் கொடுத்தால் பாடமா பார்ப்பான்? ரீல்ஸ் பார்ப்பான்!" என்றார்கள். உண்மை. பார்ப்பான். கைபேசி இல்லாத காலத்திலும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்! (சிரிப்பு) வேடிக்கை பார்க்கிறவனை நிறுத்த ஒரே வழி, அவனை வேடிக்கை காட்டுகிறவன் ஆக்குவதுதான்.

எங்கள் பட்டறையில் என்ன செய்தோம் தெரியுமா? பிள்ளைகளை நாலு நாலு பேராகப் பிரித்தோம். ஒரு குழுவுக்கு ஒரு தலைப்பு. இரண்டே நிமிடப் படம், அவர்கள் கைபேசியிலேயே எடுக்க வேண்டும், பேச்சு அவர்கள் ஊர்த் தமிழிலேயே இருக்கலாம். ஒரு குழுவுக்கு 'சக் சாவி'. லேத்தில் வேலைப் பொருளை இறுக்கிவிட்டு, சாவியைச் சக்கிலேயே மறந்து விட்டு மெஷினைப் போட்டால், அந்தச் சாவி பறந்து வந்து முகத்தைப் பெயர்த்துவிடும். இதை நான் எத்தனை வருஷமாகப் போர்டில் எழுதியிருக்கிறேன்! யார் படித்தார்கள்? வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் அந்தப் படத்தில் வந்து சொன்னான்: "அண்ணே, சாவி உன் கையில இருக்கா பாரு. கையில இல்லேன்னா சுவிட்சுல கை வைக்காதே." அவ்வளவுதான் வசனம். அடுத்த நாளிலிருந்து அந்தப் பட்டறையில் யார் லேத் பக்கம் போனாலும் நாலு குரல் கேட்கும்: "அண்ணே, சாவி?" (பலத்த கைதட்டல்)

அந்தப் பையன் எழுதச் சொன்னால் ஒரு வரி எழுத மாட்டான். வாட்ஸ்அப்பில் குரலில் பதில் அனுப்பச் சொன்னால், மைக்ரோமீட்டரை எப்படிப் படிப்பது என்று மூன்று நிமிடம் பேசி அனுப்புகிறான். அவனுக்குத் தொழில் தெரியாமல் இல்லை; எழுத்துதான் தடுக்கிறது. இத்தனை காலம் தொழில் தெரியுமா என்று பார்க்காமல், கையெழுத்தைப் பார்த்துவிட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

"இலவசம் என்று எதுவுமே கிடையாது, டேட்டாவுக்கு யார் பணம் கொடுப்பது?" என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2016-க்குப் பிறகு டேட்டா விலை இறங்கியது வாஸ்தவம். ஆனாலும் வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் அப்பா கையில் இருக்கிற வீடு இன்னும் உண்டு. அண்ணனுக்குக் கைபேசி, தங்கைக்குக் கிடையாது என்கிற வீடும் உண்டு. அதனால்தான் சொல்கிறோம்: ஒவ்வொரு பிள்ளையும் வாங்கு என்று சொல்லாதே. பட்டறையில் ஒரு பழைய கணினி, ஒரு டி.வி. வை. ஃபெட், ஜியோஜீப்ரா இரண்டையும் இணையம் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஏற்றி வைக்கலாம். பிள்ளைகள் எடுத்த படத்தையும் அங்கேயே வை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்க்கட்டும்.

இலவசத்தில் இன்னொரு விஷயம் உண்டு. 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் சொன்னது: காசு கொடுக்காமல் இருப்பது பெரிதில்லை, பயன்படுத்தவும், மாற்றவும், பகிரவும் உரிமை இருப்பதுதான் பெரிது. நம்ம ஊர்ப் பயிற்சிக்கூடங்களில் வரைபடப் பாடத்துக்கு எத்தனை இடத்தில் திருட்டு சி.டி. போட்டுச் சொல்லிக் கொடுத்தோம்? தொழிலோடு சேர்த்துத் திருட்டையும் கற்றுக் கொடுப்பதா? லிப்ரேகேட் இருக்கிறது, ஃப்ரீகேட் இருக்கிறது. பையன் தலை நிமிர்ந்து தன் கணினியில் போட்டுக்கொள்ளலாம். மும்பை ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் பத்து நிமிட அளவிலான பாடங்கள், தமிழ்க் குரலில், காசில்லாமல் கிடைக்கின்றன. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓடும். மறு பாதியில் நீ செய்து பார். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு ஏன் ஐயா நெய்க்கு அலையணும்?

"இதெல்லாம் பட்டறைக்கு அந்நியச் சரக்கு" என்கிறார் கடைசியாகப் பேசிய நண்பர். கடைக்குக் கடை ஒட்டியிருக்கிற கியூ.ஆர். கோடு எங்கே பிறந்தது தெரியுமா அவருக்கு? 1994-ல், ஜப்பானில், டென்சோ என்கிற வாகன உதிரிபாகக் கம்பெனியில்! தொழிற்சாலையில் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் உருவாக்கியது. காப்புரிமையைக் காட்டிக் காசு கேட்காமல், எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று விட்டது அந்தக் கம்பெனி. பட்டறையில் பிறந்த பிள்ளை ஊரெல்லாம் சுற்றுகிறது. அதைத் தாய் வீட்டுக்குள் விட மாட்டேன் என்றால் எப்படி? (கைதட்டல்) ஒவ்வொரு மெஷின் மேலும் ஒரு கட்டத்தை ஒட்டுங்கள். காட்டினால் அந்த மெஷினின் பாதுகாப்புப் படம் ஓடட்டும். அதில் பேசுவது போன வருஷத்து மாணவனாக இருக்கட்டும்.

நம்ம கிண்டியிலேயே 1986-ல், தொழிற்பயிற்சிக்குப் பாடநூல் தயாரிக்கவென்றே ஜெர்மன் உதவியோடு ஒரு மத்திய நிறுவனம் வந்தது. இன்றைக்கு 'நிமி' என்கிறோம். அன்றைக்கு அச்சுப் புத்தகமும் சுவர்ப் படமும் வந்தபோதும், "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அந்த ஏடு இல்லாமல் இன்று எந்த ஆசிரியர் வகுப்பு எடுக்கிறார்? இன்னொன்று. இப்போது தியரித் தேர்வே கணினியில்தான். பட்டறையில் கணினியைத் தொட விடாமல் வைத்திருந்து, தேர்வு நாளன்று அதன் முன்னால் உட்கார வைத்தால், பையன் விடை தெரியாமல் தோற்கிறானா, மவுஸ் பிடிக்கத் தெரியாமல் தோற்கிறானா? வாரம் ஒரு தடவை கூகுள் ஃபார்மில் பத்துக் கேள்வி போடுங்கள். தப்பு விடை போட்டால் ஆசிரியருக்கு மட்டும் தெரியும், வகுப்பு சிரிக்காது. யாருக்கு எந்தப் பாடம் ஏறவில்லை என்று மறுநாள் காலையிலேயே ஆசிரியர் கையில் கணக்கு இருக்கும். பெஞ்சு காலியாவதற்கு முன்னால் தெரிந்துவிடும் ஐயா! அதுதான் முக்கியம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். (சிரிப்பு) முடித்துக்கொள்கிறேன். 2020-ல் பட்டறைகள் பூட்டிக் கிடந்தபோது திரையை மட்டும் வைத்து நடத்திப் பார்த்தோம். அரம் பிடிக்கத் திரை சொல்லித் தராது என்பதை அப்போதே தெரிந்துகொண்டோம். எனவே பட்டறையைப் பூட்டச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. தலைப்பு கேட்பது, பையனைப் பிடித்து நிறுத்துவது எது என்று. கை பழகுவது பட்டறையில். ஆனால் கை பழகுகிற வரைக்கும் அவன் அங்கே இருக்க வேண்டுமே! பயம் போக வேண்டும், வெட்கம் போக வேண்டும், 'எனக்கும் ஏறும்' என்று அவனுக்கே தெரிய வேண்டும். அதைச் செய்வது எங்கள் அணி சொல்லும் கருவிகள்.

துரோணர் ஏகலைவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் கட்டை விரலை மட்டும் கேட்டு வாங்கினார். 'படிப்பு ஏறாது' என்று நாம் வெளியே அனுப்பிய பிள்ளைகள்தான் இந்தக் கடைசி மூன்று வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தாங்களாகவே ஒரு குருவைத் திரையில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல குருவை எடுத்து அவர்கள் கையில் கொடுங்கள். அந்தக் கட்டை விரல் லேத்திலும் சிக்க வேண்டாம், ரீல்ஸிலும் சிக்க வேண்டாம். பத்து விரலும் முழுசாகத் தொழிலுக்கு வரட்டும்.

தீர்ப்பை நடுவரிடமும், அந்தக் காலிப் பெஞ்சை உங்களிடமும் ஒப்படைத்து விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)